எந்தக் குழாய், எத்தனை மணி? குடிநீர் போஸ்டர் போட்டி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரிகளில் ஆய்வுப் போஸ்டர் போட்டிகள் தொடங்கும் சமயம் இது. குடிநீர் பற்றிய போட்டிகளுக்குத் தயாராகிறவர்களிடமிருந்து நிறையக் கேள்விகள் வந்திருப்பதால் இந்த இதழின் பகுதியை அவர்களுக்கே கொடுத்துவிட்டோம். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் நான், மாணவர் போட்டிகளில் நடுவராகவும் இருந்திருக்கிறேன். இரண்டிலும் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன்.

எங்களிடம் பி.எச். மீட்டர், தண்ணீரில் கரைந்த உப்பைக் காட்டுகிற டி.டி.எஸ். மீட்டர், ஒரு குளோரின் கிட், அவ்வளவுதான். லட்சக்கணக்கில் கருவி வைத்திருக்கிற கல்லூரிகளோடு நாங்கள் போட்டி போட முடியுமா சார்?
– பொறியியல் மாணவர்கள், விருதுநகர்

முடியும். இருபது உலோகங்களை அளந்து பெரிய அட்டவணையாக ஒட்டிய போஸ்டர்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. "சரி, இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டீர்கள்?" என்று கேட்டால் பலர் பக்கத்தில் நிற்கும் கைடைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கேள்வி நன்றாக இருந்தால் குளோரின் கிட் ஒன்றே போதும்.

ஒரு யோசனை சொல்கிறேன், பிடித்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வந்து சேரும்போது அதில் லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் எஞ்சிய குளோரின் இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ். 10500, அதாவது நம் நாட்டின் குடிநீர்த் தரநிலை. ஆனால் குழாயில் வருவதை அப்படியே குடிக்கிற வீடு எத்தனை? இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வருகிற தண்ணீரைச் சம்பில் விட்டு, மோட்டார் போட்டு மொட்டைமாடித் தொட்டிக்கு ஏற்றி, அதிலிருந்து குடத்தில் பிடித்து வைத்து, அதையும் மறுநாள் வரை குடிக்கிறோம். இந்த வழியில் குளோரின் எந்த இடத்தில் தீர்ந்துபோகிறது? ஊராட்சியின் மேல்நிலைத் தொட்டி, தெருவின் முதல் வீடு, கடைசி வீடு, சம்பு, மாடித் தொட்டி, குடம், ராத்திரி முழுக்க மூடி வைத்த குடம் என்று வரிசையாக அளந்துகொண்டே போங்கள். குளோரின் இருந்தால் நிறம் காட்டுகிற டி.பி.டி. மாத்திரையைப் போட்டதும் தொட்டியடியில் நல்ல ரோஸ் நிறமாக வருவது வீடு வீடாக வெளுத்துக்கொண்டே போய், ஏதோ ஒரு இடத்தில் நிறமே வராமல் நின்றுவிடும். அந்த இடத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போஸ்டருக்கு விஷயம் கிடைத்துவிட்டது, ஏனென்றால் அதற்கு அப்புறம் குடத்துக்குள் ஒரு கை போனாலோ டம்ளர் போனாலோ தண்ணீரைக் காப்பாற்ற அதில் எதுவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அளப்பதை அந்தந்த இடத்திலேயே, பிடித்த உடனே செய்துவிட வேண்டும். காலையில் பாட்டிலில் பிடித்து மத்தியானம் லேபில் பார்த்தால் வெயிலிலும் சூட்டிலும் பாதி குளோரின் பஸ்ஸிலேயே போயிருக்கும். அப்புறம், தண்ணீர் விட்ட முதல் ஐந்து நிமிடத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, நிற்கப்போகும்போது ஒன்று என்று எடுங்கள். விட்டுவிட்டு வருகிற தண்ணீரில் குழாய் காலியாகக் கிடக்கும்போது விரிசல் வழியாகச் சாக்கடை நீர் உள்ளே இழுக்கப்படலாம், அது முதலில் வருகிற தண்ணீரோடுதான் வெளியே வரும்.

டி.டி.எஸ். 90 காட்டினால் அந்தத் தண்ணீர் பாதுகாப்பானது என்று போஸ்டரில் எழுதலாமா?
– பி.எஸ்ஸி. மாணவி, திருவள்ளூர்

எழுதாதீர்கள். அந்த மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு கடக்கிறது என்று பார்த்து, அதை ஒரு எண்ணால் பெருக்கி உப்பு இவ்வளவு இருக்கலாம் என்று காட்டுகிறது. கிருமி அதற்குத் தெரியாது. டி.டி.எஸ். 400 உள்ள நீரில் ஃபுளோரைடு 2 மில்லிகிராம் இருந்தாலும் மீட்டர் சும்மாதான் இருக்கும். தரநிலையில் டி.டி.எஸ்.ஸுக்கு 500 என்றும், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 2000 வரை என்றும் இருப்பது பெரும்பாலும் சுவைக்காகவும் குழாய், பாத்திரங்களில் படிகிற படிவுக்காகவும்தான். ஆர்.ஓ. விற்க வீட்டுக்கு வருகிறவர்கள் இந்த மீட்டரை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள், நீங்களும் அதையே செய்ய வேண்டாம்.

நடுவர்கள் ஒரு போஸ்டருக்கு முன்னால் வந்து நின்றதும் முதலில் எதைப் பார்ப்பார்கள்?
– முதுகலை மாணவர், கோயம்புத்தூர்

மற்றவர்களைப் பற்றித் தெரியாது, நான் முதலில் தேடுவது சாம்பிள் எடுத்த விதத்தை. எந்தக் குழாய், எத்தனை மணிக்கு, குழாயைத் திறந்த உடனேயா அல்லது கொஞ்ச நேரம் ஓட விட்டா, எந்தப் பாட்டில், லேபுக்குப் போகும்வரை எப்படி வைத்திருந்தீர்கள். பெரும்பாலான போஸ்டர்களில் இதற்கு "பல்வேறு இடங்களிலிருந்து மாதிரிகள் சேகரிக்கப்பட்டன" என்று ஒரே ஒரு வரிதான் இருக்கும். அந்த வரியைப் பார்த்தாலே எனக்குச் சோர்வாகிவிடும், அதற்குக் கீழே எவ்வளவு அழகான வரைபடம் இருந்தாலும் சரி.

இது எவ்வளவு முக்கியம் என்பதற்கு அமெரிக்காவின் ஃப்ளின்ட் நகரத்தைப் பாருங்கள். 2014 ஏப்ரலில் செலவைக் குறைப்பதற்காக அந்த ஊருக்கு டெட்ராய்ட்டிலிருந்து வந்துகொண்டிருந்த தண்ணீரை நிறுத்திவிட்டு ஃப்ளின்ட் ஆற்று நீரைக் கொடுத்தார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய பாஸ்பேட்டைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்த ஈயம் குடிநீரில் கரைய ஆரம்பித்தது. மக்கள் நிறத்தையும் நாற்றத்தையும் காட்டிப் புகார் சொன்னார்கள், அதிகாரிகளோ எங்கள் பரிசோதனையில் தண்ணீர் சரியாகத்தான் இருக்கிறது என்றார்கள். அவர்கள் சாம்பிள் எடுக்கக் கொடுத்த வழிமுறையிலேயே வில்லங்கம் இருந்தது: முந்தின ராத்திரி குழாயைச் சில நிமிடம் திறந்து ஓட விடுங்கள், காலையில் சாம்பிள் பிடியுங்கள் என்று. குழாயில் தேங்கியிருந்த ஈயத்தில் கொஞ்சம் அந்த ராத்திரியே கழுவிப் போய்விடும்.

2015 ஆகஸ்டில் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் எட்வர்ட்ஸ் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும் சுமார் 300 சாம்பிள் கிட்களைத் தயாரித்து அந்த ஊருக்கு அனுப்பினார்கள். ஒவ்வொரு கிட்டிலும் மூன்று பாட்டில்கள். தண்ணீர் குறைந்தது ஆறு மணி நேரம் குழாயிலேயே நின்ற பிறகு, திறந்த உடனே ஒன்று, 45 விநாடி ஓடிய பிறகு ஒன்று, இரண்டு நிமிடம் ஓடிய பிறகு ஒன்று. பிடித்தவர்கள் அந்தந்த வீட்டுக்காரர்கள். இந்த மூன்று பாட்டில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஈயம் வீட்டுக் குழாயிலிருந்து வருகிறதா, தெருவிலிருந்து வீட்டுக்கு வருகிற இணைப்பிலிருந்து வருகிறதா என்று ஊகிக்க முடியும். அந்த ரிசல்ட்தான் விஷயத்தை வெளியே கொண்டுவர உதவியது. மாணவர்கள் பெட்டி பெட்டியாகப் பாட்டில் அடுக்கிச் செய்த வேலை அது, எனக்கு இன்றைக்கும் அதை நினைத்தால் மரியாதை வருகிறது.

நம் விஷயத்துக்கு வருவோம். ஈயம், செம்பு தேடுகிறீர்கள் என்றால் ராத்திரி முழுக்க நின்ற முதல் தண்ணீர் வேண்டும். போர்வெல் நீரின் ஃபுளோரைடைத் தேடுகிறீர்கள் என்றால் நேர்மாறு, குழாயில் நின்ற நீரெல்லாம் போகும்வரை ஓட விட்டுத்தான் பிடிக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே பாட்டிலில் ஒரே நேரத்தில் பிடித்துவிட்டு வந்து நிற்கிறவர்களைக் கேள்வி கேட்காமல் விட முடியாது.

தர்மபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு பற்றிப் போஸ்டர் செய்ய நினைக்கிறேன். "இது எல்லோரும் செய்ததுதானே, புதிதாக என்ன இருக்கிறது?" என்று வகுப்பில் சொல்கிறார்கள்.
– வேதியியல் மாணவி, பென்னாகரம்

தர்மபுரியில் ஃபுளோரைடு இருக்கிறது என்று மறுபடி சொல்வதற்கு ஒரு போஸ்டர் தேவையில்லை, அந்த அளவில் அவர்கள் சொல்வது சரி. ஆனால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்டு, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களுக்குக் காவிரி நீர் வர ஆரம்பித்த பிறகு கேள்வியே மாறிவிட்டது. இப்போது கேட்க வேண்டியது, காவிரித் தண்ணீர் வருகிற வீட்டிலும் எந்த வேலைக்கு இன்னும் போர் தண்ணீர் போகிறது என்பதை. குடிக்க மட்டும் காவிரி, உலை வைக்கவும் பருப்பு வேகவைக்கவும் போர் என்றால் ஃபுளோரைடு சாப்பாட்டு வழியாக உள்ளே போய்க்கொண்டுதான் இருக்கும். கொதிக்க வைத்தால் அது போகாது, தண்ணீர் ஆவியாகக் குறையக் குறைய லிட்டருக்கான அளவு கூடத்தான் செய்யும். உங்கள் ஊரில் சில வீடுகளுக்குப் போய் அடுப்படியில் எந்தக் குடம் எதற்கு என்று உட்கார்ந்து கேளுங்கள். அம்மாக்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொண்டு, அந்தந்தக் குடத்து நீரை அளந்து, ஒருவருக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு ஃபுளோரைடு போகிறது என்று கணக்கிடுங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழி இல்லாவிட்டால் 1.5 வரை என்பது நம் தரநிலை. தண்ணீரில் அதற்குள் இருந்தும் குடித்ததும் சமைத்ததும் சேர்ந்து மொத்தம் அதிகமாக வருகிற வீடுகள் இருக்கிறதா என்று பாருங்கள்.

வேதியியல் மாணவி என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடி பாட்டில் வேண்டாம், பாலித்தீன் பாட்டில் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பேண்ட்ஸ் முறையில், அதாவது சாயத்தின் நிறம் வெளுப்பதை வைத்து ஃபுளோரைடை அளப்பதாக இருந்தால் அலுமினியம் குறுக்கிட்டு ரீடிங்கைக் குறைத்துக் காட்டும். நாக்பூரில் உள்ள நீரி நிறுவனம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் போட்டுத்தான் ஃபுளோரைடை எடுக்கிறார்கள். அப்படிச் சுத்திகரித்த நீரில் படிகாரத்தின் அலுமினியம் மிஞ்சியிருந்தால், ஃபுளோரைடு உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்ததுபோல ஸ்பேண்ட்ஸ் காட்டிவிடும். ஃபுளோரைடை நேரடியாக அளக்கிற அயனி மின்வாய் இருக்கிற லேபில் சில சாம்பிள்களையாவது ஒப்பிட்டுப் பார்த்து, இரண்டு ரீடிங்கையும் போஸ்டரில் போடுங்கள். அதைப் பார்க்கிற நடுவர் உங்களிடம் கூடுதலாக ஐந்து நிமிடம் நிற்பார்.

எங்கட பக்கத்துக் கிணறுகளில் நைத்திரேற்று (நைட்ரேட்) அளந்திருக்கிறோம். ஒரு கிணற்றில் 12 வந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்கிறார்கள். அப்படியென்றால் பிரச்சினை இல்லைத்தானே?
– பல்கலைக்கழக மாணவர், யாழ்ப்பாணம்

உடனே உங்கள் கிட்டின் தாளை எடுத்து, அந்த 12 நைத்திரேற்றாகவா, நைத்திரேற்று நைதரசனாகவா (அதாவது நைத்திரேற்றிலுள்ள நைதரசனின் எடை மட்டுமா) என்று பாருங்கள். பல கிட்கள் நைதரசன் கணக்கில்தான் காட்டும். அப்படியானால் 4.43ஆல் பெருக்க வேண்டும், 12 என்பது 53 ஆகிவிடும், எல்லையைத் தாண்டிவிட்டது. போஸ்டரில் எண்ணுக்குப் பக்கத்தில் எந்தக் கணக்கு என்று ஒவ்வொரு முறையும் எழுதுங்கள். சோர்வாகத்தான் இருக்கும், ஆனாலும் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்துக்கு இது சாதாரண விஷயம் இல்லை. கீழே சுண்ணாம்புக்கல், மேலே மெல்லிய மண், தோட்டத்தில் போடுகிற பசளையும் மலக்குழி நீரும் வடிகட்டப்படாமலே நிலத்தடிக்கு இறங்கிவிடும், கிணற்றை விட்டால் பலருக்கு வேறு நீரும் கிடையாது. புட்டிப்பால் கரைத்துக் கொடுக்கிற சின்னக் குழந்தைகளுக்குத்தான் முதல் ஆபத்து. இரத்தத்தில் ஒட்சிசன் சுமக்கிற தன்மை குறைந்து உடம்பு நீலம் பாய்கிற நோயைக் கிணற்று நீரின் நைத்திரேற்றோடு இணைத்து 1945இல் அமெரிக்காவின் அயோவாவில் ஹன்டர் கொம்லி என்ற மருத்துவர் எழுதினார், இன்றைய எல்லைக்கு அடிப்படையே அந்தக் குழந்தைகள்தான். கொதிக்க வைத்தால் நைத்திரேற்றும் போகாது. ஆகவே போஸ்டரில் கிணற்றுக்கும் மலக்குழிக்கும் எத்தனை மீட்டர், பக்கத்துக் காணியில் என்ன பயிர், கடைசியாகப் பசளை போட்டது எப்போது என்பதையெல்லாம் சேருங்கள், மாரிக்கு முன்னும் பின்னும் அதே கிணறுகளில் எடுங்கள். சாம்பிளைக் குளிரில் வைத்து இரண்டு நாளுக்குள் பார்த்துவிட வேண்டும்.

எங்கள் எல்லாச் சாம்பிளிலும் ஈ.கோலி (மலம் கலந்ததைக் காட்டுகிற கிருமி) இல்லை என்று வந்துவிட்டது. ஒன்றும் கிடைக்காததால் தலைப்பை மாற்றச் சொல்கிறார்கள்.
– நுண்ணுயிரியல் மாணவிகள், மதுரை

மாற்றாதீர்கள். தண்ணீர் நன்றாக இருக்கிறது என்பதும் ஒரு முடிவுதான், ஊர்க்காரர்களுக்கு அதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. ஆனால் அது உண்மையா என்று முதலில் உறுதிசெய்ய வேண்டும். சாம்பிள் பாட்டிலில் குளோரினைச் செயலிழக்க வைக்கிற சோடியம் தயோசல்பேட் போட்டிருந்தீர்களா? போடாவிட்டால் குழாய் நீரின் குளோரின் லேபுக்கு வருகிற வழியெல்லாம் கிருமியைக் கொன்றுகொண்டே வரும், குழாயில் இருந்த கிருமி வளர்ப்புத் தட்டில் வளராது. ஈ.கோலி இருக்கிறது என்று தெரிந்த ஒரு நீரை, ஒரு குளத்து நீரைப் போல, அதே முறையில் வைத்து வளர்கிறதா என்றும் பார்த்திருக்க வேண்டும். இரண்டும் செய்திருந்தால் தைரியமாக வையுங்கள். எழுதும்போது "பூஜ்யம்" என்று போடாமல் "100 மில்லியில் கண்டறியப்படவில்லை" என்று எழுதுங்கள்.

முருங்கை விதையால் தண்ணீரைத் தெளிய வைப்பது பற்றிச் செய்யலாமா?
– பதினோராம் வகுப்பு மாணவர், திண்டுக்கல்

செய்யலாம் தம்பி, ஆனால் நிறையப் பேர் செய்வது அது. விதையிலுள்ள புரதம் கலங்கல் துகள்களைச் சேர்த்துக் கீழே இறக்கிவிடும் என்பது தெரிந்த விஷயம். அந்தக் காலத்தில் பானையின் உள்பக்கம் தேற்றாங்கொட்டையை இழைத்து விட்டுத் தண்ணீர் ஊற்றுவார்களே, அதை எடுத்துக்கொண்டு இரண்டையும் ஒப்பிடு. பக்கத்தில் எந்த விதையும் போடாத ஒரு பானை கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் சும்மா வைத்தாலே சேறு கொஞ்சம் இறங்கும். தெளிந்த நீரை இரண்டு நாள் வைத்து மறுபடி பார். விதையிலிருந்து கரைந்த சத்தைத் தின்று கிருமி பெருகுகிறதா என்பதைப் பலரும் பார்ப்பதில்லை, அதில்தான் உன் போஸ்டருக்கு இடம் இருக்கிறது.

போஸ்டரை எப்படி வடிவமைப்பது? எழுத்து எவ்வளவு இருக்கலாம்?
– பலர்

ஏ0 அளவு, அதாவது 841க்கு 1189 மில்லிமீட்டர் என்று விதியில் இருந்தால் அதே அளவில் அச்சடியுங்கள். நெடுக்குவாக்கிலா குறுக்குவாக்கிலா ஒட்ட வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள், பலகையில் பொருந்தாமல் மடித்து ஒட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். தலைப்பிலேயே உங்கள் முடிவைச் சொல்லிவிடுங்கள். "குடிநீரின் தரம் குறித்த ஓர் ஆய்வு" என்பதற்குப் பதிலாக "மாடித் தொட்டியிலேயே குளோரின் தீர்ந்துவிடுகிறது" என்று போட்டால் நடந்துபோகிறவர் நிற்பார். வரைபடத்தில் தரநிலை எல்லையை ஒரு கோடாகப் போடுங்கள், அது இல்லாமல் புள்ளிகள் அதிகமா குறைவா என்று யாருக்கும் தெரியாது. சிவப்பும் பச்சையும் மட்டும் வைத்து வேறுபடுத்த வேண்டாம், அந்த இரண்டும் பிரிந்து தெரியாதவர்கள் நடுவர்களிலும் இருப்பார்கள். கல்லூரிச் சின்னத்துக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியைச் சாம்பிள் எடுத்த இடத்தின் வரைபடத்துக்குக் கொடுங்கள்.

என் மகள் எங்கள் தெருவில் எடுத்த சாம்பிளில் ஒரு வீட்டுத் தண்ணீர் மோசமாக இருக்கிறதாம். போட்டியில் வைத்தால் அந்த வீட்டோடு மனக்கசப்பு வருமோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கடலூர்

போஸ்டர் அப்புறம் இருக்கட்டும் அம்மா, முதலில் அந்த வீட்டுக்குத் தெரிய வேண்டும். இன்றைக்கும் அவர்கள் அதைத்தானே குடித்துக்கொண்டிருக்கிறார்கள். மகளை அதே குழாயில் இன்னொரு முறை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஒரு ரீடிங்கை மட்டும் நம்பி யாரையும் கலங்க வைக்கக் கூடாது. மறுபடியும் அப்படியே வந்தால் நேரில் போய், தனியாக, என்ன வந்திருக்கிறது, அதுவரை எந்தத் தண்ணீரைக் குடிக்கலாம் என்று சொல்லிவிடுங்கள். கிருமி என்றால் கொதிக்க வைத்தால் போதும், ஃபுளோரைடோ நைட்ரேட்டோ என்றால் வேறு தண்ணீர்தான். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டப் பரிசோதனைக்கூடங்கள் உண்டு, கட்டணம் கட்டினால் பொதுமக்களின் சாம்பிளையும் சோதித்துத் தருவார்கள். அந்த ரிப்போர்ட்டோடு உள்ளாட்சி அலுவலகத்தில் மனு கொடுத்தால் மாணவியின் கிட் ரீடிங் என்று ஒதுக்க முடியாது. போஸ்டரில் கதவு எண்ணோ வீட்டுக்காரர் பெயரோ புகைப்படமோ வேண்டாம், "வீடு 1, வீடு 2" என்று போதும். ஆனால் தெருவில் ஐந்தே வீடு இருந்து, தெருப்பெயரையும் போட்டுவிட்டால் எந்த வீடு என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும், அதனால் தெருப்பெயரையும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அடுத்த இதழுக்கான கேள்விகளை மாதக் கடைசிக்குள் அனுப்பலாம். மழைநீர்த் தொட்டி பற்றிக் கேட்டிருப்பவர்களுக்கு அப்போது பதில் வரும்.